ட்றோபாக் சென்றுவந்த நாள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எம் முன்னோர் வாக்கு. வாரத்தில் ஒரு நாள், அதுவும் சில மணித்தியாலங்கள் மாத்திரமே கூடுகின்ற எமது தமிழ்ப் பள்ளியில் இவ்வுண்மை நன்கு புலப்படுகின்றது. பிள்ளைகள் ஐந்து நாள்கள் நோர்வேஜிய மொழியில் உலகத்தைக் கற்கின்றனர். ஆறாம் நாள் எம்மிடம் வந்து பனையையும் வயலையும் தேர்த்திருவிழாவையும் பற்றித் தமிழிற் படிக்கின்றனர். மணியடித்ததும் புத்தகத்தை மூடிப் பையில் இட்டுக்கொண்டு வெளியே இறங்கினால், பேச்சு மீண்டும் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுகின்றது. தமிழ் என்றால் அம்மம்மாவின் ஊரைப் பற்றிப் பேசும் மொழி. தாம் வாழும் ஊரைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு மொழி. இவ்வாறு ஒரு பங்கீடு அவர்கள் உள்ளத்தில் தானாகவே நிகழ்ந்துவிடுகின்றது.

இதனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எமக்கு நினைவுக்கு வருவது ஒரு சொல். நாம் ஊரில் மாணவராயிருந்த காலத்தில் புவியியற் பாடத்தில் ‘நுழைகழி’ என்னும் சொல்லை மனனஞ் செய்தோம். பனிக்கட்டியாறு குடைந்த பள்ளத்தினுள்ளே கடல் புகுந்து நிற்பது நுழைகழி, உதாரணம் நோர்வே. பின்னர் ஆசிரியராகியபோது அதனையே கரும்பலகையில் எழுதி மற்றவரையும் மனனஞ் செய்வித்தோம். வன்னியில் அப்பள்ளியைச் சூழ இருந்தவை வயலும் குளமும் காடும். நுழைகழியின் நீர் என்ன நிறம், அதன் கரையில் என்ன மணம் வீசும் என்பதைக் கற்பித்தவரும் அறியார், கற்றவரும் அறியார்.

இன்று எமது மாணவர்கள் அந்த நுழைகழியின் கரையிலேயே பிறந்து வளர்கின்றனர். அதில் நீந்தப் பழகியிருக்கின்றனர். ஆயினும் அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டென்பதை அவர்கள் அறியமாட்டார்கள். எம்மிடம் சொல் இருந்தது, பொருள் இருக்கவில்லை. அவர்களிடம் பொருள் இருக்கின்றது, சொல் இல்லை. இவ்விரண்டையும் ஒரு நாளேனும் ஓரிடத்திற் சந்திக்க வைத்தல் வேண்டும் என்னும் விருப்பினாலேயே, 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கோடை விடுமுறைக்கு முந்திய இறுதி வகுப்பை வெளியிலே நடத்துவதெனத் தீர்மானித்தோம்.

தெரிவுசெய்த இடம் ட்றோபாக். ஒஸ்லோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், நுழைகழியின் கிழக்குக் கரையில் அமைந்த சிறு பட்டினம். மாணவரும் பெற்றோரும் மூத்தோருமாக ஒரு பேருந்து நிறைய ஆட்கள் சேர்ந்தனர். புறப்படுமுன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வழங்கினோம். அன்று கண்ணாற் காணும் பொருள்களுள் இருபதின் பெயரைத் தமிழில் எழுதுதல் வேண்டும். தெரியாதவிடத்து உடன்வந்த பெரியவர் எவரிடமும் கேட்கலாம். பெரியவருக்கும் தெரியாவிடின் அதனையும் எழுதுதல் வேண்டும். இதுவே விதி. சோதனை இல்லை, புள்ளி இல்லை என்று அறிவித்த பின்னரே சிலரின் முகம் மலர்ந்தது.

பேருந்து நகரைத் தாண்டித் தெற்கு நோக்கிச் சென்றது. வழியில் தூசன்பிறீட் கேளிக்கைப் பூங்காவின் உயர்ந்த சுழல் தண்டவாளம் தென்பட்டபோது பின்னிருக்கைகளிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. “சேர், இஞ்சை இறங்குவமே?” என்று ஒரு சிறுவன் வினவினான். சாரதி சிரித்துக்கொண்டே பேருந்தைச் செலுத்தினார். அச்சிறுவன் கோபித்துக்கொண்டு முதற் சொல்லாகத் தனது புத்தகத்தில் ‘ஏமாற்றம்’ என்று எழுதினான். அது கண்ணாற் காணும் பொருளன்று எனினும் அனுமதித்தோம்.

ட்றோபாக்கின் பழைய பகுதியில் வீதிகள் ஒடுங்கியவை. வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. வெள்ளை, மஞ்சள், மங்கிய சிவப்பு எனப் பூசப்பட்ட பலகைச் சுவர்கள், சாளரங்களில் பூச்சாடிகள், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் ரோசாச் செடிகள். சரிந்து இறங்கும் எந்த ஒழுங்கையிற் சென்றாலும் அது முடியுமிடத்தில் நீர் தெரிகின்றது. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் வளர்ந்த பெற்றோர் சிலர், ஒழுங்கை முடிந்து கடல் தோன்றும் அந்த இடத்திற் சற்று நின்றே சென்றனர்.

இப்பட்டினத்தின் பிழைப்புக்குக் காரணமாயிருந்தது பனிக்கட்டி. ஒஸ்லோ முன்னர் கிறிஸ்தியானியா என வழங்கப்பட்டது. 1925ஆம் ஆண்டிலேயே மீண்டும் ஒஸ்லோ என்னும் பழைய பெயரைப் பெற்றது. அக்காலத்தில் மாரி கடுமையாயின் நுழைகழியின் உட்பகுதி உறைந்துவிடும். கப்பல்கள் தலைநகர்த் துறையை அடைய இயலாது. ட்றோபாக்குக்கு அப்பால் நீர் உறைவது அரிது. ஆதலால் கப்பல்கள் இங்கேயே தங்கின. தலைநகரின் மாரித் துறைமுகமாக விளங்கிய இவ்வூரில் கப்பலோட்டிகளும் வழிகாட்டி மாலுமிகளும் மர வணிகரும் செழித்தனர். நோர்வேயின் காடுகளிலிருந்து வெட்டிய மரம் ஒல்லாந்து முதலிய நாடுகளுக்குக் கப்பலேறியது. அவ்வாறு பொருளீட்டிய வணிகரும் கப்பலுடைமையாளருமாகிய நீல்ஸ் கார்ல்சன் என்பார் 1776ஆம் ஆண்டில் ஊருக்கு அளித்த மரத் தேவாலயம் இன்றும் நீர்க்கரையை அண்டிய பூங்காவின் அருகே நிற்கின்றது. உள்ளே கூரையிலிருந்து கப்பலுருவம் ஒன்று தொங்குவதைப் பிள்ளைகள் கண்டுகொண்டனர். கடலுக்குச் சென்றவர் நலமே திரும்புதல் வேண்டும் என்று வேண்டுவதற்கு எம்மவர் அம்மன் கோயிலையும் அந்தோனியார் கோயிலையும் நாடுவதுபோன்றதே இது என விளக்கினோம்.

சிறுவர்க்கு மிகவும் உவப்பளித்தது நகர்ச் சதுக்கத்தை அடுத்துள்ள நத்தார் இல்லம். ஒரு பழைய பிரார்த்தனை மண்டபத்தில் 1988ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் இக்கடையில் ஆண்டு முழுவதும் நத்தாரே. உலகின் பல பாகங்களிலிருந்தும் சிறுவர் எழுதும் கடிதங்கள் நத்தார்த் தாத்தாவின் பெயருக்கு இங்கே வந்து சேர்கின்றன. அருகே வீதியில், ‘தாத்தா கடக்குமிடம்’ என எச்சரிக்கும் சிவப்பு முக்கோணக் குறிப்பலகையும் உண்டு. யூன் மாத வெயிலில் நின்று பஞ்சுப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, “தாத்தாவுக்குத் தமிழிலை எழுதினால் விளங்குமே?” என்று கேட்டாள். எழுதிப் பார்க்கலாமே என்றோம். அவளது அஞ்சலட்டை அன்று மாலையே அங்குள்ள பெட்டியில் விழுந்தது.

நண்பகலில் கரையோரப் பூங்காவின் புற்றரையில் அமர்ந்து உண்டோம். மீன் ரோல்ஸ், பற்றிஸ், வடை, கட்டுச்சோறு எனப் பொதிகள் அவிழ்ந்தன. அருகில் இருந்த நோர்வேஜியக் குடும்பம் ஒன்று, அவித்த இறாலைக் கடதாசிப் பையிலிருந்து எடுத்து ஓடு களைந்து, வெள்ளைப் பாணின்மேல் அடுக்கி, எலுமிச்சஞ்சாறு பிழிந்து உண்டது. மிளகாய்த்தூள் படாத இறாலை எம்மூர்ப் பெண்மணிகள் இரக்கத்தோடு நோக்கினர். சிறிது நேரத்தில் இரு பொதிகளுக்கும் இடையே வடையும் இறாலும் இடம் மாறின.

பின்னர் பிள்ளைகள் படகுத்துறைக்குச் சென்றனர். மட்டியை நூலிற் கட்டி நீரில் இறக்கி நண்டு பிடிப்பது இந்நாட்டுச் சிறுவரின் கோடைக்கால விளையாட்டு. நூலைப் பற்றிய நண்டு தன்னை மேலே இழுப்பதை அறியாது வரும். வாளியில் விழுந்ததும் வெகுளும். மாலையில் மீண்டும் கடலில் விடப்படும். இவ்விளையாட்டை எமது பிள்ளைகள் எமக்குக் கற்பித்தனர்.

அவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றை விரிவாகக் கூறுதல் வேண்டும். துறையின் ஓரத்தில் ஒரு முதியவர் தமது சிறு படகின் கயிற்றைச் சீர்செய்துகொண்டிருந்தார். எம்முடன் வந்த தந்தையருள் ஒருவர் பாசையூரைச் சேர்ந்தவர். இளமையில் கடற்றொழில் செய்தவர். கயிறு முடியும் கையைக் கண்டதும் அவரது கால்கள் தாமாகவே அங்கே சென்றன. அவருக்கு நோர்வேஜிய மொழி ஓரளவே தெரியும்; வேலைத்தலத்துக்குப் போதுமானது, கடலைப் பற்றிப் பேசப் போதாது. எனவே தமது பன்னிரண்டு வயது மகனை அருகே அழைத்தார்.

“இஞ்சை முந்தி என்ன மீன் பட்டது எண்டு கேள், தம்பி.”

மகன் கேட்டான். முதியவர் நீரை நோக்கிக் கையை நீட்டி நெடுநேரம் பேசினார். தாம் சிறுவனாயிருந்தபோது இத்துறையில் நின்றே இரவு உணவுக்கு வேண்டிய தொர்ஸ்க் மீனைத் தூண்டிலிற் பிடித்ததாகவும், காலப்போக்கில் மீன் அருகிவிட்டதாகவும், 2019ஆம் ஆண்டு தொடக்கம் ஒஸ்லோ நுழைகழியில் தொர்ஸ்க் பிடிப்பதே தடைசெய்யப்பட்டுவிட்டதாகவும் கூறினார். மகன் பாதியைத் தமிழிலும் பாதியை நோர்வேஜிய மொழியிலுமாகச் சொன்னான். தந்தை தலையை அசைத்தார். தமது ஊரின் களங்கண்ணி வலையைப் பற்றிச் சொல்லும்படி மகனைக் கேட்டார். கரைநீரில் தடிகளை நட்டு வலையை வளைத்துக்கட்டி, உள்ளே வந்த மீன் வெளியேற வழியறியாது நிற்கச் செய்யும் அவ்வலைக்கு மகனிடம் எம்மொழியிலும் சொல் இருக்கவில்லை. தந்தை துறையின் பலகையில் ஈரவிரலால் அதன் வடிவத்தை வரைந்தார். முதியவர் குனிந்து பார்த்து, விளங்கிக்கொண்டு, தாமும் ஒரு கோட்டை வரைந்தார்.

பின்னர் காற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தெற்கிலிருந்து வீசும் காற்றை முதியவர் ‘ஸொன்னாவிண்ட்’ என்றார். “தெற்குக் காற்று எண்டு சொல்லுறார், அப்பா,” என்றான் மகன். “அது சோழகம், தம்பி,” என்றார் தந்தை. வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு காற்றுக்கும் தனித்தனியே பெயர் உண்டென்பதைக் கேட்ட மகனின் முகத்தில் வியப்புத் தோன்றியது. அவன் அந்நான்கையும் எழுதிக்கொண்டு, ‘சோழகம்’ என்பதை முதியவருக்கும் சொல்லிக் கொடுத்தான். அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். ழகரம் அவருக்கு வசப்படவில்லை. எம்மவர் பலருக்கும் வசப்படாததுதானே!

அந்தக் கால்மணி நேரத்தில் அச்சிறுவன் இரு முதுவர்க்கு இடையே நின்று ஆற்றிய பணியை நாம் எந்தப் பாடத்திட்டத்திலும் கண்டதில்லை. தந்தை அறிந்த கடலும் முதியவர் அறிந்த கடலும் அவனது நாவின் வழியாகவே ஒன்றையொன்று அறிந்தன. அவன் ஒரு மொழியை மாத்திரம் உடையவனாயிருந்தால், அருகருகே நின்ற அவ்விருவரும் புன்னகைத்துப் பிரிந்திருப்பர்.

பிற்பகலில் சிறு பயணிப்படகில் ஏறி ஒஸ்கார்ஸ்போர்க் கோட்டைக்குச் சென்றோம். ட்றோபாக்குக்கு எதிரே நீரிணையின் நடுவில் அமைந்த காஹோல்மன் தீவுகளில் உள்ளது இக்கோட்டை. சில நிமிடப் பயணமே. நுழைகழி முழுவதிலும் மிகவும் ஒடுங்கிய பகுதி இதுவாகும். பாக்கு நீரிணையை அறிந்த எமக்கு ‘நீரிணை’ என்னும் சொல் புதிதன்று. ஆயினும் இரு கரைகளையும் ஒரே பார்வையில் அடக்கக்கூடிய நீரிணை பிள்ளைகளுக்கு அச்சொல்லை உடனே விளக்கிவிட்டது.

படகில் நின்றவாறே அவர்களுக்கு இந்நீரின் அடியைப் பற்றிக் கூறினோம். ஒஸ்லோவின் நுழைகழி, மேற்கு நோர்வேயின் செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ளவற்றைப் போன்றதன்று. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலம் பிளந்து தாழ்ந்தமையால் உண்டான பள்ளத்தை, மிகப் பிற்காலத்தில் பனிக்கட்டி மேலும் செதுக்கியது. ட்றோபாக்கின் அருகே கடலடி ஒரு வாயிற்படி போல உயர்ந்து, சுமார் 20 மீற்றர் ஆழமே உடையதாகின்றது. இப்படியின் காரணமாக உட்பகுதியின் ஆழ்நீர் எளிதில் வெளியேறிப் புதுநீர் புகுவதில்லை. நகரம் கடலில் விடும் கழிவு நெடுங்காலம் அங்கேயே தங்குகின்றது. முதியவர் கூறிய மீன் குறைவுக்கு இவ்வமைப்பும் ஒரு துணைக் காரணமே. கடலுயிர்களை ஆராய்வதற்கென ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் நிலையமொன்று 1894ஆம் ஆண்டிலேயே ட்றோபாக்கில் நிறுவப்பட்டது.

இயற்கை அமைத்த படி போதாதென மனிதரும் ஒரு சுவரை அமைத்தனர். 1874 தொடக்கம் 1879 வரையான காலத்தில், கோட்டைத் தீவிலிருந்து மேற்குக் கரைவரை நீருக்கடியில் கல்லணையொன்று கட்டப்பட்டது. பெருங் கப்பல்கள் மேற்குப் பக்கத்தாற் செல்ல இயலாதவாறு தடுத்து, அவற்றைக் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னே, கிழக்குப் பக்கத்தாற் செல்லச் செய்வதே இதன் நோக்கம். தலைநகருக்கு வரும் பகைவர் யாவரும் இவ்வொடுங்கிய வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். இன்று தரைவழிப் பயணிகள் இதே நீரின் கீழே செல்கின்றனர். 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 7 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கவீதி, கடல்மட்டத்துக்கு 134 மீற்றர் கீழே இறங்கி மறுகரையில் ஏறுகின்றது.

கோட்டையில் மூன்று பெரும் பீரங்கிகள் உள்ளன. ஆரோன், மோசே, யோசுவா என்பன அவற்றின் பெயர்கள். கரையிறக்கும்போது ஒன்று கடலுள் வீழ்ந்து மீட்கப்பட்டதாகவும், நீரிலிருந்து எடுக்கப்பட்டமையால் அதற்கு மோசே எனப் பெயர் வந்ததாகவும் ஒரு கதை உண்டு. மூன்றும் ஜேர்மனியின் குருப் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, 1893ஆம் ஆண்டில் இங்கே கொண்டுவரப்பட்டவை.

1940ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி அதிகாலையில் ஜேர்மனியப் போர்க்கப்பல்கள் இருளில் இவ்வழியே வந்தன. முன்னே வந்தது புளூக்கர் என்னும் புத்தம்புதிய பெருங்கப்பல். 200 மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. ஒஸ்லோவைக் கைப்பற்றுவதற்கான படையினரும் அதிகாரிகளும் அதில் இருந்தனர். கோட்டையில் இருந்தோருட் பலர் ஒரு வாரத்துக்கு முன்னரே படையிற் சேர்க்கப்பட்ட இளைஞர். பீரங்கிகளை இயக்கப் போதிய ஆட்கள் இல்லாமையால் சமையற்காரரும் உதவிக்கு அழைக்கப்பட்டனர். கட்டளைத் தளபதி பிர்கர் எரிக்சனுக்கு வயது 64. ஓய்வுபெறும் காலம் அணித்தாயிருந்தது. வருவது எந்நாட்டுக் கப்பல் என்பதும் அவருக்கு உறுதியாகத் தெரியாது. மேலிடத்திலிருந்து தெளிவான கட்டளையும் இல்லை. எச்சரிக்கை வேட்டுக்கும் காலமில்லை. சுடும்படி அவர் ஆணையிட்டார்.

அதிகாலை 4.21 மணிக்கு முதற் பீரங்கி முழங்கியது. இரண்டு பீரங்கிகள் ஆளுக்கொரு குண்டே சுட்டன. இரண்டும் கப்பலைத் தாக்கின. மறுகரையில் ட்றோபாக்கின் பக்கத்திலிருந்த சிறு பீரங்கிகளும் சுட்டன. எரிந்துகொண்டு முன்னேறிய கப்பலை வடகாஹோல்மனின் பாறைக்குள் மறைக்கப்பட்டிருந்த நிலையத்திலிருந்து ஏவப்பட்ட டோர்பிடோக்கள், அதாவது நீரடிக் கணைகள், தாக்கின. அவை ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் பழமையானவை. அந்நிலையத்தை நடத்தியவர் அந்திரேயாஸ் அண்டர்சன் என்னும் ஓய்வுபெற்ற அதிகாரி. வழமையான பொறுப்பாளர் நோயுற்றமையால் ட்றோபாக்கில் இருந்த தமது வீட்டிலிருந்து மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தார். இரண்டு மணித்தியாலங்களின் பின்னர் புளூக்கர் கவிழ்ந்து ஆழத்துட் சென்றது. பின்வந்த கப்பல்கள் திரும்பின.

ஒஸ்லோ அன்றே வான்வழியாக வந்த படையினரிடம் வீழ்ந்தது. ஆயினும் அந்தச் சில மணித்தியாலத் தாமதத்தில் அரசர் ஏழாம் ஹாக்கோனும் அமைச்சரும் நாடாளுமன்றத்தினரும் காலை 7.23 மணிக்குத் தனிப் புகைவண்டியில் தலைநகரை விட்டு நீங்கினர். தேசிய வங்கியின் ஏறக்குறைய 50 தொன் பொன்னும் வெளியேற்றப்பட்டது. யூன் மாதம் 7ஆம் திகதி அரசர் நாட்டைப் பிரிந்து இங்கிலாந்து சென்றார். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1945ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி திரும்பி வந்தார். நாட்டை இழந்து கடல் கடந்து வாழ்ந்து பின் திரும்பிய ஓர் அரசரின் கதையை, கடல் கடந்து வந்த பெரியவர்கள் பீரங்கியின் அருகே மௌனமாக நின்று கேட்டனர்.

பிள்ளைகள் மௌனமாயிருக்கவில்லை. கப்பல் மூழ்கிய இடத்தில் சிலர் கைதட்டினர். அப்போது பத்து வயதுச் சிறுவன் ஒருவன், “சேர், கப்பலுக்குள்ளை இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டான்.

உயிரிழந்தோர் தொகை 600 எனவும் 1000 எனவும் பலவாறு கூறப்படுகின்றது. எண்ணெய் பற்றி எரிந்த குளிர்நீரில் பலர் மாண்டனர். நீந்திக் கரை சேர்ந்தோரும் உளர். பலருக்கு வயது இருபதை அண்டியே இருக்கும். இவற்றைச் சொன்னோம். “அப்ப நாங்கள் சந்தோசப்படலாமோ, கூடாதோ?” என்பது அவனது அடுத்த வினா.

ஊரில் வரலாறு கற்பித்த காலத்திலும் இத்தகைய வினாக்களை நாம் எதிர்கொண்டதுண்டு. கோட்டையைக் காத்தவர் செய்தது தமது நாட்டுக்குச் செய்யவேண்டிய கடமை, அதனை ஐயுறுவதற்கில்லை. இவ்வாறு சொல்லத் தொடங்கியபோது, கைத்தடியுடன் கற்படியில் அமர்ந்திருந்த அம்மம்மா ஒருவர் இடைமறித்தார். அவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர். கடல் எதை எடுத்துக்கொள்ளும் என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஊரைக் காப்பாத்தினது சரிதான், ராசா. ஆனால் தாண்டதுகளும் ஒரு தாய் பெத்த பிள்ளையள்தானே. கை தட்டாதையுங்கோ,” என்றார்.

அதற்குமேல் நாம் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் கோட்டை மதிலருகே சென்று வடக்கே நீரை நோக்கி நின்றனர். புளூக்கர் இன்றும் அங்கேயே ஆழத்திற் கிடக்கின்றது. பாதுகாக்கப்பட்ட போர்ச்சமாதி அது. 1994ஆம் ஆண்டில் அதன் தாங்கிகளிலிருந்து ஏறக்குறைய 1000 தொன் எண்ணெய் வெளியே எடுக்கப்பட்டது. எஞ்சியது இன்னும் சிறிது சிறிதாகக் கசிந்து நீரின்மேற் படர்கின்றது. கப்பலின் நங்கூரங்களுள் ஒன்று ஒஸ்லோவின் ஆக்கர் பிறிக்கவிலும் மற்றொன்று ட்றோபாக்கிலும் வைக்கப்பட்டுள்ளன. மாலையில் திரும்பிவந்து அந்நங்கூரத்தைக் கடந்தபோது எவரும் அதன்மேல் ஏறி விளையாடவில்லை. கைதட்டியோருள் ஒருத்தி அதனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘நங்கூரம்’ என்பதற்கு எந்த னகரம், எந்த ஙகரம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து ஓகஸ்ற் மாதத்தில் வகுப்புத் தொடங்கியபோது குறிப்புப் புத்தகங்களைத் திறந்தோம். நுழைகழி, நீரிணை, படகுத்துறை, நங்கூரம், மட்டி, வாளி, சாளரம், ஒழுங்கை, பீரங்கி, சோழகம், வாடை எனச் சொற்கள் நிறைந்திருந்தன. ‘களங்கண்ணி’ என்பதற்கு அருகே அச்சிறுவன் தந்தை வரைந்த வடிவத்தை அழகாக வரைந்திருந்தான். பலர் பெரியவரிடம் கேட்டும் பெயர் காணாத பொருள்களையும் குறித்திருந்தனர். பாறையில் ஒட்டியிருந்த பாசியின் வகைகள், ஒரு கடற்பறவை, படகின் ஒரு கொளுக்கி. அவற்றுக்குப் பெயர் தேடுவதே எமது இவ்வாண்டுப் பாடமாயிற்று. அகராதியில் இருப்பதை அகராதியிலிருந்து எடுக்கின்றோம். பெற்றோரின் ஊர்வழக்கில் இருப்பதை அங்கிருந்து எடுக்கின்றோம். எங்கும் இல்லாதவிடத்துப் பிள்ளைகள் தாமே பெயரிட முனைகின்றனர். ஒரு மொழி உயிரோடிருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அன்பான பெற்றோரே, ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது எம் கடன். அத்துடன், இந்நாட்டின் காட்டிலும் கரையிலும் அவர்களுடன் நடக்கும்போது கண்ணிற் படுவனவற்றையும் தமிழிற் பேசுங்கள். சொல் தெரியாவிடின் தெரியாதென்று கூறிச் சேர்ந்து தேடுங்கள். பாசையூரின் சோழகமும் ட்றோபாக்கின் தெற்குக் காற்றும் ஒரே பிள்ளையின் முகத்திலேயே வீசுகின்றன.

அன்பான மாணவச் செல்வங்களே, இவ்விழா மண்டபத்தின் வாயிலில் நீங்கள் சேகரித்த சொற்கள் படங்களுடன் அட்டைகளில் தொங்கவிடப்பட்டுள்ளன. உங்கள் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கையைப் பிடித்து அங்கே அழைத்துச் செல்லுங்கள். பெயரில்லாப் பொருள்களின் படங்களுக்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கின்றோம். அங்கே ஒரு பேனாவும் கட்டப்பட்டுள்ளது. அறிந்தவர் எழுதட்டும்.